சிங்கப்பூர் பக்கம்தான், மீனம்பாக்கம்தான் தூரம்

சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு எவ்வளவு நேரம் என்று யாரைக் கேட்டாலும் "நாலு மணி நேரம்" என்பார்கள். தப்பில்லை. தூரம் சுமார் 2,900 கிலோமீட்டர். மேலே ஏறி நிலைத்த பிறகு ஜெட் விமானம் மணிக்கு 850 கிலோமீட்டர் போலப் பறக்கிறது. ஏறுவது, இறங்குவது எல்லாம் சேர்த்து நாலேகால் மணி என்று வைத்துக்கொள்ளலாம். ரஜூலா கப்பலில் நாள்கணக்கில் கடலில் கிடந்து போன அந்தக்காலத்து ஆட்களுக்கு இது மாயாஜாலம்!

டிக்கெட்டைப் பார்த்தால்தான் குழப்பம். இரவு 11 மணிக்குக் கிளம்பி காலை 5.45-க்கு இறங்கும் என்று போட்டிருந்தால், ஆறேமுக்கால் மணி நேரமா என்று தோன்றும். அச்சாவது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முன்னால் ஓடுகிறது. அதைக் கழித்தால் சரியாக நாலேகால். (திரும்பி வரும்போது ஒன்றேமுக்கால் மணியில் வந்துவிட்ட மாதிரி தெரியும். அப்படி ஒரு விமானம் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும்...)

ஆனால் இந்தக் கணக்கெல்லாம் மீனம்பாக்கத்தில் வீடு உள்ளவர்களுக்கு. செஞ்சிக்குப் பக்கத்தில், அனந்தபுரத்திலிருந்து கிளம்புகிறவருக்கு? செஞ்சிக்கு ஒரு பஸ், அங்கிருந்து திண்டிவனம், பிறகு ஜி.எஸ்.டி. ரோடு. 2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு பஸ் அங்கேயே நின்றுவிடும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வண்டி மாற வேண்டும். ஏறக்குறைய 150 கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம். விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னாலேயே இருக்க வேண்டும். இரவு 11 மணி விமானத்துக்கு மதியம் 3 மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்பியாக வேண்டும். மொத்தம் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். அதில் வானத்தில் இருப்பது மூன்றில் ஒரு பங்குதான்.

புதுச்சேரி விமான நிலையம் பக்கம்தான். அங்கே வெளிநாட்டு விமானம் இல்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்கு ரயில் பாதை 2006-07-லேயே அனுமதியானது. செஞ்சிக்கு இன்னும் ரயில் வரவில்லை. வந்தால் தாம்பரத்தில் மாறி திரிசூலத்தில் இறங்கிவிடலாம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே விமான நிலையம். சிங்கப்பூரைப் பக்கத்தில் கொண்டுவர புது விமானம் வேண்டாம், இந்த ரயில் போதும்.

வேலைக்குப் போகிறவருக்கு இது வெறும் அலுப்பு. ஊரில் ஒரு சாவு விழுந்தால்தான் கணக்கு சுடும். "சிங்கப்பூர்தானே, நாலு மணி நேரம், சாயங்காலத்துக்குள்ள பையன் வந்துடுவான்" என்று திண்ணையில் ஒருவர் சொல்வார். பையன் லீவு கேட்டு, டிக்கெட் பிடித்து, மீனம்பாக்கத்தில் இறங்கும்போதே நடுராத்திரி ஆகியிருக்கும். அங்கே கார் பேசி, பரனூர், ஆத்தூர் டோல்கேட்டுகளைத் தாண்டி அவன் வந்துகொண்டிருக்கும்போது, வீட்டில் ஐஸ் பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை பேசிக்கொண்டிருப்பார்கள்.