கூரையும் தோழமையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் கல்லூரிகளில் 'சொராரிட்டி' என வழங்கும் சகோதரிச் சங்கங்கள் பல உள. புது மாணவியர் ஆண்டுதோறும் இச்சங்கங்களின் வாயில்தோறும் சென்று அளவளாவுதலும், சங்கத்தார் தமக்கு வேண்டியவரைத் தெரிந்தெடுத்தலும் ஆகிய நிகழ்ச்சியை அந்நாட்டார் 'ரஷ்' என்பர். இத்தேர்வின் போக்கை வகுப்பது யாது? மாணவியரின் குணமா, சங்கத்தின் கொள்கையா? இவ்விரண்டினும் மிகுதியாக, அவர்கள் உறையும் வீடே அதனை வகுக்கின்றது என்பது எமது துணிபு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

1867-இல் இல்லினாய் மாகாணத்து மான்மத் கல்லூரியிற் பை பீட்டா ஃபை என்னும் சங்கமும், 1870-இல் இண்டியானாவிற் காப்பா ஆல்ஃபா தீட்டா என்னும் சங்கமும் தோன்றின. கல்விச்சாலைகளிற் பெண்கள் அரியராயிருந்த அக்காலத்து, ஒருவர்க்கொருவர் துணையாதலே அவர்தம் நோக்கம். மாணவியர்க்கு விடுதி அமைக்கப் பல கல்லூரிகள் முன்வராத நிலையில், 1886-இல் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்து ஆல்ஃபா ஃபை சங்கத்தார் தமக்கென ஓர் இல்லம் எடுத்தனர். இத்தகைய சங்கம் ஒன்று தானே கட்டிக் குடிபுகுந்த முதல் இல்லம் அதுவே. அது போற்றற்குரிய முயற்சி என்பதில் ஐயமில்லை.

ஆனால், துணையாக வந்த வீடு நாளடைவில் தலைவியாயிற்று. வீடு பெரிதாயின் கடனும் பெரிதாம். படுக்கைகள் வெறுமையாய்க் கிடப்பின் அச்செலவு எஞ்சினோர் தலைமேல் விழும். ஆதலின், உறுப்பினர் குறித்த காலம் இல்லத்தில் உறைதல் வேண்டுமெனச் சங்கங்கள் பல விதிக்கின்றன. வெளியே வாழ்வாரிடமும் இல்லத்திற்கெனக் கட்டணம் கொள்வனவும் உள. இந்நிலையில், தோழியைத் தேடும் கண், பொருள் கொடுக்க வல்லாளையும் உடன் தேடுதல் இயல்பன்றோ? தேர்வுக்கு வரும் மாணவியின் கண்ணும் மாடத்தையும் தூணையும் கண்ட பின்னரே மனிதரைக் காண்கின்றது. அலபாமாப் பல்கலைக்கழகத்தில் ஆகஸ்டு மாதந்தோறும் இரண்டாயிரவர்க்கு மேற்பட்ட மாணவியர் மாளிகை மாளிகையாகச் செல்லுங் காட்சியை 2021 முதல் 'டிக்டாக்' வாயிலாக உலகமே கண்டு வருகின்றது.

இன்னுமொன்று. இல்லங்களின் உடைமையும் மேற்பார்வையும் பெரும்பாலும் முன்னாள் மாணவியர் கையில் உள்ளன. பொருள் இட்டவர் சொல்லும் ஓங்குதல் உலக வழக்கு. 2013 செப்டம்பரில் அலபாமா மாணவர் இதழாகிய 'கிரிம்சன் ஒயிட்', கறுப்பின மாணவி ஒருத்தியை ஏற்க இளையோர் விரும்பியும் முன்னாள் மாணவியர் தடுத்தனர் என வெளியிட்டது. அதன் பின்னரே பல்கலைக்கழகம் தலையிட, அவ்வினத்து மாணவியர் சிலர்க்கு அவ்வாயில்கள் திறந்தன. பூட்டு உள்ளேயிருந்த இளையோர் கையில் மட்டும் இல்லை என்பது அன்று விளங்கிற்று.

ஒரு கூரையின்கீழ் உண்டு உறங்குதலால் நட்பு முதிரும், பொறுப்புணர்ச்சி வளரும் என்பார் உளர். அஃது உண்மையே. எனினும் அதற்குத் தனி மாளிகை வேண்டுமோ? ஓஹையோவின் மயாமிப் பல்கலைக்கழகத்தில் இச்சங்கத்தார் நெடுங்காலமாகக் கல்லூரி விடுதிகளிலேயே இடம்பெற்று வாழ்ந்து வந்துள்ளனர். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துச் சங்க இல்லங்களிலோ நிருவாகிகளாகிய சிலரே தங்குவர்; ஏனையோர் மற்றை மாணவரோடு பொது விடுதியில் வாழ்வர்; தேர்வும் மாணவியர் சில திங்கள் பழகிய பின்னரே நடைபெறும். 1902-இல் அமைந்த தேசியப் பான்ஹெலெனிக் மாநாட்டைச் சார்ந்த சங்கங்களுள் அடங்கியனவே இவையும். பெயர் ஒன்று, விதி ஒன்று, சின்னமும் ஒன்று. வீடு மட்டுமே வேறு. ஓரிடத்தில் மாளிகையின்றித் தழைக்கும் சங்கம், மற்றோரிடத்தில் மாளிகையின்றி அழியும் என்றல் பொருந்துமோ?

ஆகவே எமது கருத்து இது. தங்கும் இடத்தைக் கல்லூரியே எல்லார்க்கும் ஒரே கட்டணத்தில் அளித்தல் வேண்டும். சங்க இல்லம் கூடி மகிழும் மன்றமாக நிற்பதாக. மாணவியர் ஒரு பருவமேனும் கலந்து பழகிய பின்னரே தேர்வு தொடங்குவதாக. உறங்கும் இடத்திற்கும் உறவிற்கும் ஒரே விலைச்சீட்டை ஒட்டுமிடத்தில், வறியவள் இரண்டையும் இழப்பாள். கூரையைக் கல்லூரி தருக. தோழமையை மாணவியர் தருக. அங்ஙனம் தரும் தோழமையே சகோதரி என்னும் பெயர்க்குத் தகுதியுடைத்தாம்.