தெரிஞ்ச கோளாறு, ஒப்பேத்தல், ஒரு ஆச்சியின் பாஸ்புக்

முதல்லயே சொல்லிடறேன். நான் பி.காம். கம்ப்யூட்டர் படிச்சவன் இல்லை. சர்வர் என்றால் இன்னிக்கும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கும்பகோணத்தில் டபரா செட்டோடு வந்து நிற்கும் ஆள்தான். அதனால் பொட்டி தட்டும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், எங்கேயாவது உளறியிருந்தால் பொறுத்துக்கோங்க.

போன வாரம் தங்கமணியின் தம்பி ஷார்ஜாவிலிருந்து போன் பண்ணினார். "அத்தான், அம்மாவோட பேங்க்ல ஏதோ சிஸ்டம் மாத்தறாங்களாம். சனி, ஞாயிறு எதுவும் வேலை செய்யாதாம். திங்கட்கிழமை எல்லாம் பழையபடி ஆயிடும்னு மெசேஜ் வந்திருக்கு. நம்பலாமா?"

வங்கிக்காரன் வாயிலிருந்து "நம்பலாம்" என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், மனுஷன் நிம்மதியாகத் தூங்குவார். எனக்கு அந்த வார்த்தை வரலை. ஏன் வரலை என்பதுதான் இந்தப் பதிவு.

திருவனந்தபுரத்துக்கு முதல் தடவை மாற்றலாகி வந்த புதுசு அது. எனக்கு முப்பது தாண்டியிருந்த சமயம். (நடுவில் இரண்டு ஊர் சுற்றிவிட்டு மறுபடி இங்கேயே வந்து விழுந்தது தனிக்கதை.) அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், கிளைகளில் இருக்கும் சர்வர்களை எல்லாம் மாற்றப் போவதாகச் சொன்னார்கள். புது சர்வரில் ஓட வேண்டிய ஆபரேட்டிங் சிஸ்டம் இன்னும் விற்பனைக்கே வரவில்லை. வெள்ளோட்டப் பதிப்புதான் கையில் இருந்தது. முறையான பதிப்பு வருவதற்குள் நம்ம வேலைகள் எல்லாம் அதில் ஓடுதா என்று சோதித்துப் பார்க்கலாம் என்பது திட்டம். நல்ல திட்டம்தான், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

"கவுண்டர் வேலை தெரிஞ்ச ஆள் ஒருத்தர் வேணும்" என்று என்னை அனுப்பினார்கள். கிளையில் இருந்த மலையாளி நண்பர்கள், "அண்ணாச்சிக்குப் பத்து நாள் ஏசி ரூம்" என்று கிண்டலடித்து வழியனுப்பினார்கள்.

முதல் நாள் என் கையில் ஒரு கட்டு காகிதம் கொடுத்தார்கள். அந்த சிஸ்டத்தைத் தயாரித்தவர்களே எழுதியது. என்னென்ன வேலை செய்யாது, எந்த மிஷினில் செய்யாது, சரி பண்ணும் வரைக்கும் என்ன செய்து சமாளிக்கலாம் என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. கடைசியில் ஒரு எச்சரிக்கை: இதை நிஜமான வேலைக்குப் பயன்படுத்தாதே, குறிப்பிட்ட தேதிக்கு மேல் இது ஓடாது.

நான் அசந்து போனேன். எந்தக் கடைக்காரன் தன் பானையில் இருக்கும் ஓட்டையைத் தானே எழுதிக் கொடுப்பான்? கூட இருந்த இன்ஜினியர் தம்பியிடம் கேட்டேன். "தப்பே இல்லாத சாஃப்ட்வேர்னு ஒண்ணு கிடையாது சார். தப்பு எங்கே இருக்குன்னு தெரிஞ்சது, தெரியாதது, ரெண்டே வகைதான்" என்றான்.

காமர்ஸ் படித்தவனுக்கு இது புரியாத விஷயம் இல்லை. வரப்போகும் லாபத்தைக் கணக்கில் எடுக்காதே, வரக்கூடிய நஷ்டத்தைக் காட்டாமல் விடாதே என்று காலேஜில் சொல்லிக் கொடுத்ததுதான். வங்கிகளின் பாலன்ஸ் ஷீட்டில் 12ஆவது அட்டவணை என்று ஒன்று உண்டு. இன்னும் கடன் ஆகவில்லை, ஆனால் ஆகக்கூடும் என்கிற பொறுப்புகளை அங்கே காட்டணும். அந்தக் காகிதக் கட்டு எனக்கு அந்த சிஸ்டத்தின் 12ஆவது அட்டவணையாகத்தான் தெரிந்தது.

அந்தப் பட்டியலில் ஒரு வரி எங்களுக்கு நேராகப் பொருந்தியது. பழைய டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர்கள் சிலவற்றுக்குப் புது சிஸ்டத்தில் டிரைவர் இல்லை. மாற்று வழி: எல்லாப் பிரிண்டருக்கும் பொதுவாக இருக்கும் வெறும் எழுத்து டிரைவரைப் போட்டுக்கொள்ளவும். நம்ம ஊர் பாஷையில் சொன்னால் ஒப்பேத்தல்.

எங்கள் பாஸ்புக் பிரிண்டர் அந்த வகைதான். சொன்னபடி ஒப்பேத்தினோம். பிரிண்ட் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். நான் மட்டும் கவுண்டர் புத்தியில் ஒரு டஜன் பாஸ்புக்கை வரி வரியாகப் பார்த்தேன். பக்கத்தின் கடைசி வரி மட்டும் விழவில்லை. சாஃப்ட்வேரைப் பொறுத்தவரை அந்த வரி அடித்தாகிவிட்டது, அடுத்த வரி அடுத்த பக்கத்துக்குப் போய்விடும். பாக்கித் தொகை சரியாகவே இருக்கும். அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு வரவோ ஒரு செலவோ மட்டும் காகிதத்தில் காணாமல் போயிருக்கும்.

இதையும் எழுதினேன். அதற்கான வழியையும் எழுதினேன்: ஒவ்வொரு கவுண்டரிலும் பக்க நீளத்தை ஒரு வரி குறைத்து வைக்கணும்.

நாலு நாள் கழித்து என் அறிக்கை அழகாக டைப் ஆகிக் கையெழுத்துக்கு வந்தது. என் வரியைக் காணோம். அதன் இடத்தில், "சிறு அச்சு விஷயங்கள் தவிர திருப்திகரம்" என்று இருந்தது. கேட்டேன். "ஃபைனல் பதிப்பு வரும்போது எல்லாம் சரியாயிடும். இப்ப எதுக்கு மேலே இருக்கிறவங்களைப் பயமுறுத்தணும்?" என்றார்கள். புது ஊர், புது இடம். கையெழுத்துப் போட்டேன்.

ஃபைனல் பதிப்பு வந்தது. கிளைகளில் சர்வர் மாறியது. எங்கள் பிரிண்டருக்கு டிரைவர் மட்டும் வரவில்லை. அதே ஒப்பேத்தல்தான். கிளைகளுக்கு வந்த சர்க்குலரில் கடைசி வரியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நானும் கிளைக்குத் திரும்பி, கடன் பிரிவில் உட்கார்ந்து, அதை மறந்தே போனேன்.

சாலை பஜார் பக்கம் குடியிருந்த ஒரு ஆச்சி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். குடும்ப பென்ஷன்தான் ஜீவனம். ஒரு மாசம் பாஸ்புக் அடித்துக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் பேத்தி படித்துப் பார்த்து, "இந்த மாசம் பென்ஷன் வரலை பாட்டி" என்று சொல்லிவிட்டாள். மறுநாள் வந்து கேட்டிருக்கிறார். கூட்டம். "வரலைன்னா ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்று அனுப்பிவிட்டார்கள். மறுபடி வந்தார், மறுபடி அதே பதில். மூன்றாவது தடவை, தமிழ் பேசும் ஆள் என்று யாரோ சொல்லி, என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, மருந்து வாங்கணும்னு கம்மலை அடகு வச்சிட்டேன். இந்த மாசமாவது வருமா, இல்ல நின்னே போச்சா?"

பாஸ்புக்கை வாங்கினேன். பக்கத்தின் அடியில் ஒரு வரி இடம் வெறுமையாக இருந்தது. கம்ப்யூட்டரைப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை. பணம் முதல் தேதியே வந்துவிட்டது. ஆச்சி கம்மலைக் கழற்றிய அன்றைக்கும் அது அவர் கணக்கில்தான் கிடந்தது. எனக்கு அந்தக் கோளாறு ஏழு மாசமாகத் தெரியும்.

அந்த வரியைக் கையால் எழுதி, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்துக் கொடுத்தேன். பணம் கொடுத்தோம். அடகுக் கடை வட்டியை நான் கட்டினேன். அது தர்மம் இல்லைங்க, அபராதம். அன்று சாயந்திரம் நாலு கவுண்டரிலும் பக்க நீளத்தை மாற்றினேன். மொத்தம் இருபது நிமிஷ வேலை.

தயாரித்தவர்கள் மேல் எனக்கு இன்றுவரை கோபம் இல்லை. அவர்கள் தங்களுக்குத் தெரிந்த கோளாறை எழுதிக் கொடுத்தார்கள். அதை ஒப்பேத்தியதால் வந்த இரண்டாவது கோளாறு எங்களுக்குத் தெரியும். அதை நாங்கள் எழுதவில்லை. ஆச்சியின் கம்மல் போனது இந்த இரண்டாவதால்.

வங்கியில் சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று ஒன்று உண்டு. எந்தத் தலைப்பில் போடுவது என்று தெரியாத தொகையைத் தற்காலிகமாக அங்கே நிறுத்தி வைப்போம். தப்பில்லை. ஆனால் ஒவ்வொரு தொகைக்கும் தேதி வேணும், காரணம் வேணும், யார் போட்டது என்று வேணும். ஆடிட்டர் வந்தால் முதலில் கேட்பது, இது எத்தனை நாளாகக் கிடக்கு என்பதுதான். ஒப்பேத்தலும் அப்படித்தான். எழுதி, தேதி போட்டு, பொறுப்பாளர் பெயரும் போட்டால் அது சஸ்பென்ஸ் கணக்கு. எழுதாமல் நாலு பேர் மண்டைக்குள் வைத்திருந்தால் அது கள்ளக் கணக்கு. அந்த நாலு பேருக்கும் மாற்றல் வந்தால் அதுவும் போச்சு.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் இருக்கும் கேரளத்திலேயே உதாரணம் இருக்கு. டெபியன் என்று ஒரு இலவச ஆபரேட்டிங் சிஸ்டம், உலகம் பூராவும் சர்வர்களில் ஓடுவது. அவர்கள் 1997இலேயே ஒரு சமூக ஒப்பந்தம் எழுதி வைத்தார்கள். கோளாறுகளை மறைக்க மாட்டோம், கோளாறுப் பதிவேடு எப்போதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தே இருக்கும் என்று அதில் வாக்குக் கொடுத்திருக்கிறார்கள். வெளிவராத பதிப்பில் இன்ன இன்ன பெரிய கோளாறு பாக்கி இருக்கு என்று யார் வேணாலும் போய்ப் பார்க்கலாம். அந்த டெபியன்காரர்களின் உலக மாநாடு 2023 செப்டம்பரில் கொச்சியில் நடந்தது. கேரளத்துப் பள்ளிக்கூடங்களுக்கு கைட் நிறுவனம் கொடுக்கும் சிஸ்டம் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது, உபுண்டுவோ டெபியனிலிருந்து வந்தது. இந்திய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளை 2001இல் தொடங்கப்பட்டதும் இதே திருவனந்தபுரத்தில்தான்.

இலவசக்காரர்கள் மட்டும் இல்லை. 2024 நவம்பரில் விண்டோஸ் சர்வர் 2025 வந்தபோது, 256 அல்லது அதற்கு மேல் லாஜிக்கல் ப்ராசசர் உள்ள மிஷின்களில் இன்ஸ்டால் பண்ணுவது தடைபடலாம், ரீஸ்டார்ட் ஆக மூணு மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம், எண்ணிக்கையை 256க்குள் குறைத்து வையுங்கள் என்று மைக்ரோசாஃப்டே பட்டியல் போட்டுச் சொன்னது. யாரும் அதற்காக அவர்களை விட்டு ஓடிவிடவில்லை.

மறுபக்கமும் பாருங்க. இங்கிலாந்தில் டிஎஸ்பி என்ற வங்கி 2018 ஏப்ரலில் ஒரு வாரக்கடைசியில் மொத்த வாடிக்கையாளர்களையும் புது சிஸ்டத்துக்கு மாற்றியது. பல லட்சம் பேரால் கணக்கைத் திறக்க முடியவில்லை. எல்லாம் சீராக டிசம்பர் ஆகிவிட்டது. 2022இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் போட்ட அபராதம் சுமார் 4.86 கோடி பவுண்டு. அடுத்த வருஷம், கம்ப்யூட்டர் பொறுப்பில் இருந்த அதிகாரிக்குத் தனியாகவும் அபராதம். அதைப் படித்தபோது எனக்கு என் கையெழுத்துதான் ஞாபகம் வந்தது.

"பட்டியலை வெளியே விட்டால் ஜனங்க பயந்து பணத்தை எடுத்துடுவாங்க, திருடனுக்கு வழி காட்டின மாதிரி ஆயிடும்" என்று என் ஆபீஸ் நண்பர்கள் சொல்வார்கள். இரண்டாவதில் நியாயம் இருக்கு. பூட்டு உடைந்திருக்கிறது என்று சரி பண்ணும் முன் தண்டோரா போட வேண்டாம். ஆனால் பாஸ்புக்கில் கடைசி வரி விழாது என்பதில் திருடனுக்கு என்ன லாபம்? முதல் காரணத்தை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். கவுண்டரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தால் ஆச்சியின் பேத்தியே படித்துச் சொல்லியிருப்பாள்.

என் கருத்து ஒன்றே ஒன்றுதான். சர்வர் மாற்றும் எந்த வங்கியும், "தற்காலிகமாக இயங்காது" என்ற மெசேஜோடு நிறுத்தக் கூடாது. தெரிந்த கோளாறு என்ன, அதுவரை வாடிக்கையாளர் என்ன செய்யணும், எந்தத் தேதிக்குள் சரியாகும் என்ற மூன்றையும் அவரவர் பாஷையில் ஒட்ட வேண்டும். திருவனந்தபுரத்தில் என்றால் மலையாளத்தோடு தமிழிலும்.

அது வரும்வரை, ஊரில் அப்பா அம்மாவை விட்டுவிட்டு வந்திருக்கும் நம்ம ஜனங்களுக்கு:

1. மாற்றத்துக்கு முதல் நாளே பாஸ்புக்கை அடித்து வைக்கச் சொல்லுங்க. ஸ்டேட்மெண்டையும் இறக்கி வையுங்க.

2. ஒரு வாரத்துக்கான மருந்துச் செலவு பணமாகக் கையில் இருக்கட்டும். பெரிய பணப் பரிமாற்றத்தை அந்த வாரம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

3. மாறிய பிறகு பாக்கித் தொகையை மட்டும் பார்த்துத் திருப்தியாகாதீங்க. வரி வரியாகப் பாருங்க. வட்டி, பென்ஷன், நாமினி பெயர், மொபைல் நம்பர் எல்லாம்.

4. ஏதாவது விட்டுப்போயிருந்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீங்க. எழுதிக் கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் போகலாம்.

மச்சினரிடம் இதையேதான் சொன்னேன். "நம்பலாமா வேண்டாமான்னு கேட்டா லெக்சர் கொடுக்கறீங்களே அத்தான்" என்றார். ஆனால் வெள்ளிக்கிழமை மாமியார் பாஸ்புக்கை அடித்து வைத்துவிட்டார் என்று தகவல் வந்தது.

பி.கு: இதைப் படித்துவிட்டுத் தங்கமணி, "உங்களைப் பத்தியும் ஒரு பட்டியல் இருக்கு. 20 வருஷமா ஒப்பேத்திக்கிட்டிருக்கேன், எந்தத் தேதிக்குள்ள சரியாகும்?" என்று கேட்கிறார். அதற்கு இந்த ஆபீசரிடம் பதில் இல்லை :-)