காட்டுப் பாதையில் ஒரு சுளுக்கு... அம்மாவிடம் ஒரு பொய்! | ஞாயிறு ஓட்டம்

"ஏங் கண்ணு, இப்புடி ஓடியார? மாடு எதாச்சும் தொரத்துதா?"

ஏற்காட்டில், ஒரு காபித் தோட்டத்து மண் பாதையில், தோளில் துண்டும் கையில் அரிவாளுமாக எதிரே வந்த ஆயா என்னை நிறுத்திக் கேட்ட கேள்வி இது. அவர் 'மாடு' என்று சொன்னது காட்டெருமையை.

"இல்லைங்க ஆயா, சும்மாதான் ஓடுறேன்" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "சும்மா எதுக்கு ஓடணும்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூட நிற்காமல் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இருந்தது. ஆனால், ஒன்றரை மணி நேரம் கழித்து அதே ஆயா கேட்ட இன்னொரு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இந்த வார 'ஞாயிறு ஓட்டம்' அதைப் பற்றித்தான்.

டிரெயில் ரன்னிங்... அப்படின்னா?

தார் ரோடு, பார்க், மைதானம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மண் பாதையிலும் மலைப் பாதையிலும் காட்டு ஒற்றையடிப் பாதையிலும் ஓடுவதற்குப் பெயர்தான் டிரெயில் ரன்னிங். உலக அளவில் இதற்குப் பெரிய திருவிழா என்றால், பிரான்ஸின் ஷமோனி நகரில் ஆகஸ்ட் கடைசியில் நடக்கும் 'யு.டி.எம்.பி' போட்டி. 2003-ல் தொடங்கியது. மோன் பிளாங்க் மலையைச் சுற்றி பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து என மூன்று நாடுகள் வழியாகச் சுமார் 170 கிலோமீட்டர். மொத்த ஏற்றம் மட்டும் ஏறக்குறைய 10,000 மீட்டர்!

பயந்துவிடாதீர்கள். நானெல்லாம் ஐந்து கிலோமீட்டர் ஆசாமி. சென்னையில் நாள் முழுக்க டெஸ்க்கில் உட்கார்ந்து செய்தி அப்டேட் செய்கிறவள். முதுகு வலிக்காகத்தான் ஓட ஆரம்பித்தேன். ரோட்டில் ஓடும்போது எத்தனை கிலோமீட்டர், எத்தனை நிமிடம் என்று வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருப்பேன். மண் பாதையில் அது நடக்காது. அடுத்த அடி கல்லிலா, வேரிலா, சேற்றிலா என்று பார்ப்பதற்கே கண்ணும் மனசும் சரியாக இருக்கும். அந்த ஒரு மணி நேரம் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் ஞாபகத்துக்கே வராது. 'சும்மா எதுக்கு ஓடணும்' என்ற கேள்விக்கு இதுதான் என் பதில்.

ஏன் புரட்டாசி?

வெளிநாட்டு வீடியோக்களில் செப்டம்பர், அக்டோபர் என்றால் மஞ்சளும் சிவப்புமாக இலைகள் உதிரும் காட்டில் ஓடுவார்கள். அதைப் பார்த்துவிட்டு நம் ஊரில் அதே மாதத்தில் இலையுதிர்காலம் தேடினால் கிடைக்காது. நம் மலையடிவாரக் காடுகள் இலை உதிர்ப்பது தை, மாசி வாக்கில். ஆவணியும் புரட்டாசியும் தமிழ்க் கணக்கில் கார்காலம். அவர்கள் காடு காயத் தொடங்கும் நேரத்தில், நம் காடு பச்சையாக நிற்கும்.

அதிலும் ஏற்காடு தனி ரகம். சேலத்திலிருந்து 20 ஹேர்பின் வளைவுகள் ஏறினால், சுமார் 1,500 மீட்டர் உயரத்துக்குப் போய்விடலாம். சேலம் பக்கம் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரைதான் நல்ல மழை. பெரும்பாலும் மாலையில் கொட்டிவிட்டு, காலையில் பளிச்சென்று விடியும். சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக் கொடி ஏறியிருக்கும். அதன் நிழலில் காபிச் செடிகள். காய்கள் இன்னும் பச்சையாகத்தான் இருக்கும். சிவக்க நவம்பர் ஆகும். பழம் பறிக்கும் சீசன் இல்லாததால் பாதைகளில் ஆள் நடமாட்டமும் குறைவு.

அது நல்லதா, கெட்டதா? அன்றைக்குக் காலை ஏழு மணி வரை, நல்லது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஃப்ரெண்ட்ஸ் கூடப் போறேன்மா!

புரட்டாசி முதல் சனிக்கிழமை தளிகைக்காக சேலத்தில் எங்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். அன்று இரவு அம்மா பித்தளைப் பாத்திரங்களைத் துலக்கிக்கொண்டிருந்தபோது, "நாளைக்குக் காலையில ஏற்காடு போறேன்மா" என்றேன். "தனியாவா?" என்றார். "இல்லம்மா, ஸ்கூல் ஃப்ரெண்ட்ஸ் மூணு பேர் வர்றாங்க. ஏரியைச் சுத்திட்டு வந்துருவோம்."

யாரும் வரவில்லை. ஏரிக்கும் நான் போகவில்லை.

விடிகாலை பஸ் பிடித்து மேலே போனேன். ஏற்கெனவே தெரிந்த தோட்டம்தான். கேட்டில் இருந்த வாட்ச்மேனிடம், "மேல மண் பாதையில போயிட்டு இப்படியே வந்துடறேண்ணா" என்று கேட்டுக்கொண்டுதான் உள்ளே நுழைந்தேன். அரை மணி நேரம் சூப்பராகப் போனது. அப்போதுதான் அந்த ஆயா எதிரே வந்தார். அவரைத் தாண்டி சற்று தூரத்தில் இடது பக்கம் ஓர் ஒற்றையடிப் பாதை பிரிந்தது. மேப்பில் அது இல்லவே இல்லை. 'புதுசா இருக்கே' என்று அதில் இறங்கிவிட்டேன்.

இறக்கம். முந்தின நாள் மழை. தரை முழுக்க ஈர இலைகள். காலில் ரோட்டில் ஓடும் ஷூ. இலைக்கு அடியில் இருந்த வேர் கண்ணுக்குத் தெரியவில்லை. வலது கால் வழுக்கி, கணுக்கால் உள்பக்கமாக மடங்கியது. 'பொட்'டென்று ஒரு சத்தம். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

முதல் ஐந்து நிமிடம் வலி மட்டும்தான். அதன் பிறகுதான் போனை எடுத்துப் பார்த்தேன். சிக்னல் இல்லை. எழுந்து நிற்கப் பார்த்தேன். காலை ஊன்ற முடியவில்லை. அந்த நேரத்தில் நான் போட்ட கணக்கு இது: வாட்ச்மேனுக்கு நான் சொன்ன பாதை வேறு. அம்மாவுக்குச் சொன்ன இடம் வேறு. ஃப்ரெண்ட்ஸ் யாருக்கும் எதுவுமே தெரியாது. சாயங்காலம் அம்மா தேட ஆரம்பித்தாலும் ஏரிக்கரையில்தான் தேடுவார்.

காட்டுச் சத்தம் எல்லாம் அப்போதுதான் காதில் விழ ஆரம்பித்தது. எங்கோ கிளை ஒடியும் சத்தம் கேட்டால்கூட காட்டெருமைதான் ஞாபகத்துக்கு வந்தது. கத்திப் பார்த்தேன். பதில் இல்லை. தவழ்ந்தும் ஒற்றைக் காலால் தத்தியும், பாதை பிரிந்த இடத்துக்கு வந்து சேர நாற்பது நிமிடம் ஆனது. ஓடி வந்தபோது அது ஐந்து நிமிட தூரம்.

வீட்டுல சொன்னியா?

அங்கேதான் அந்த ஆயா மறுபடி வந்தார். இந்த முறை தலையில் விறகுக் கட்டு. என்னைப் பார்த்ததும் கட்டை இறக்கி வைத்தார்.

"கூட வந்தவங்க எங்க?"

"யாரும் வரலைங்க."

"இங்க வரேன்னு வீட்டுல சொன்னியா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரும் அதற்கு மேல் கேட்கவில்லை. தோளில் இருந்த துண்டை எடுத்து என் கணுக்காலை இறுக்கிக் கட்டினார். ஒரு கிளையை அரிவாளால் வெட்டி, கணு செதுக்கி, ஊன்றிக்கொள்ளக் கொடுத்தார். விறகை அங்கேயே விட்டுவிட்டு, என் கையைத் தன் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். எனக்கு இருபத்தாறு வயது. அவருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும்.

வழியில் பேசிக்கொண்டே வந்தார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் இந்த மாதிரிப் பாதைகளில் நடந்துதான் இறங்குவார்களாம். "இப்ப பஸ் வந்துருச்சு. பாதையெல்லாம் மூடிக்கிச்சு. ஆள் நடந்தாத்தான் கண்ணு பாதை. நடக்காட்டி காடு எடுத்துக்கும்" என்றார். நான் இறங்கியதும் அப்படிக் கைவிடப்பட்ட ஒரு பாதைதானாம். "நாங்க நடந்தே பொழைச்சவங்கதான். ஆனா ஒத்தையில போனதில்ல. போனாலும், இன்ன எடத்துக்குப் போறேன், இன்ன நேரத்துக்கு வந்துருவேன்னு ஒருத்தர்கிட்டயாச்சும் சொல்லிட்டுத்தான் போவோம்."

கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் சிக்னல் வந்தது. அம்மாவுக்குப் போன் செய்து உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. ஆஸ்பத்திரியில் எக்ஸ்-ரேவுக்காகக் காத்திருந்தபோதுதான் பேசினார்.

"எனக்குப் பயந்து பொய் சொன்னியா, இல்ல நான் பயப்படுவேன்னு சொன்னியா?"

"நீ பயப்படுவேன்னு..."

"நீ ஓடுறதுக்கு நான் பயப்படல. உன்னை எங்க வந்து தேடுறதுன்னு தெரியாமப் போறதுதான் பயம்."

எலும்பு முறிவு இல்லை. தசைநார் கிழிசல். நான்கு வாரம் ஓட்டத்துக்கு லீவு.

நான் கால் கொடுத்துக் கற்றவை

பாதையில் ஓடவோ நடக்கவோ ஆசைப்படுகிறவர்களுக்கு, வயது வித்தியாசமில்லாமல் சில விஷயங்கள்.

சொல்லிவிட்டுப் போங்கள்: எந்த இடம், எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள், இந்த மூன்றையும் ஒருவருக்காவது மெசேஜ் அனுப்புங்கள். பாதையை மாற்றினால், சிக்னல் இருக்கும்போதே அதையும் சொல்லுங்கள். அந்தப் பகுதி மேப்பை முன்கூட்டியே போனில் டவுன்லோடு செய்துகொள்ளுங்கள். உங்கள் சிம்முக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் 112-ஐ அழைத்துப் பாருங்கள். அங்கே வேறு நெட்வொர்க் இருந்தால் அதன் வழியாக அவசர அழைப்பு போகும்.

கிலோமீட்டரை மறந்துவிடுங்கள்: மலைப் பாதையில் நேரம்தான் கணக்கு. 'அரை மணி நேரம் போவேன், அரை மணி நேரம் வருவேன்' என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றத்தில் நடப்பதில் வெட்கமே வேண்டாம். யு.டி.எம்.பி வீரர்களே செங்குத்தான ஏற்றத்தில் நடக்கத்தான் செய்கிறார்கள்.

இறக்கத்தில் சின்ன அடி: முழங்காலை லேசாக மடக்கி, சின்னச் சின்ன அடியாக வையுங்கள். பார்வை காலடியில் இல்லாமல் மூன்று, நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும். ஈர இலை, ஈர வேர், பாசி பிடித்த கல் ஆகிய மூன்றையும் பார்த்தால் நடையாக மாறிவிடுங்கள். அடிப்பாகத்தில் பற்கள் உள்ள ஷூ மழைக்காலத்தில் கைகொடுக்கும். இயர்போன் வேண்டவே வேண்டாம்.

சுளுக்கினால் நீவாதீர்கள்: எண்ணெய் போட்டு இழுத்துவிடுவது நம் வீடுகளில் முதல் வைத்தியம். வீக்கம் இருக்கும்போது அது இன்னும் கெடுத்துவிடும். ஓய்வு, துணியில் சுற்றிய ஐஸ், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது இவைதான் முதலுதவி. காலை ஊன்றி நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை என்றால், எக்ஸ்-ரே எடுத்தே ஆக வேண்டும்.

அனுமதி கேளுங்கள்: தோட்டம் என்றால் அது ஒருவரின் சொந்த இடம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறப் போன இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததை நாம் மறந்துவிடக் கூடாது. 2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற திட்டத்தை 40 பாதைகளோடு தொடங்கியது. எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். ஆன்லைனில் பதிவு செய்யலாம். உள்ளூர் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக வருவார்கள். குடும்பத்தோடு முதல் முறை காட்டுப் பாதையில் நடக்க நினைப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

துண்டைத் திருப்பிக் கொடுத்தோம்

டாக்டர் ஓகே சொன்ன பிறகு, தீபாவளிக்கு முந்தைய ஞாயிறு மறுபடி ஏற்காடு போனேன். இந்த முறை அம்மாவும் வந்தார். துவைத்து மடித்த துண்டும், ஒரு டப்பா அதிரசமும் பையில் இருந்தன. வாட்ச்மேன் அண்ணாவிடம் கேட்டு ஆயாவின் வீட்டைக் கண்டுபிடித்தோம்.

துண்டை வாங்கிக்கொண்டவர், என் காலைக் குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்: "இன்னைக்கும் சும்மாதான் ஓட வந்தியா?"

"இல்லைங்க ஆயா. இன்னைக்கு அம்மாகூட நடக்க வந்தேன்."

"அதச் சொல்லு" என்றவர், எங்களோடு பாதை பிரியும் இடம் வரை நடந்து வந்தார். ஏற்றத்தில் எனக்குத்தான் மூச்சு வாங்கியது. அம்மாவும் ஆயாவும் அரிசி விலை பேசிக்கொண்டே முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள்.

இப்போதும் சில ஞாயிறுகளில் தனியாகத்தான் ஓடுகிறேன். ஆனால் ஷூ லேஸ் கட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு மெசேஜ் போகும். இடம், பாதை, திரும்பும் நேரம். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் வரும். அது வந்த பிறகுதான் ஓட்டம்.

அடுத்த ஞாயிறு சந்திப்போம். அதுவரை எங்கே போனாலும், வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள் மக்களே!