மாதர் பகுதி: கழுத்துக்கு ஒரு கம்பளி வளையம்

சகோதரிகளே, மார்கழி பிறந்துவிட்டது. ஊரில் விடியுமுன் கோலமிடும் இந்நாட்களில், டில்லியில் நாம் ஜன்னலைத் திறக்கவும் அஞ்சுகிறோம். தென்னாட்டிலிருந்து புதிதாக வந்துள்ள சகோதரிகள் சிலர், பள்ளி செல்லும் குழந்தைக்குத் தாமே ஏதேனும் பின்ன இயலுமா என வினவுகின்றனர். இயலும். மப்ளரினும் எளியது கழுத்தைச் சுற்றி அணியும் வளையம். நுனிகள் தொங்காமையால் சைக்கிள் சக்கரத்தில் சிக்கும் அச்சமும் இல்லை.

வேண்டுவன: தடித்த கம்பளி நூல், இரண்டு நிறங்களில் வகைக்கு 100 கிராம், 6.5 மில்லிமீட்டர் ஊசி ஓர் இணை. பழைய கணக்கில் இது 3ஆம் எண். அக்கணக்கில் எண் குறையக் குறைய ஊசி தடிக்கும் என்பதை மறவற்க. தடித்த நூல் அகப்படாவிடில், ஸ்வெட்டர் நூலையே இரட்டையாகச் சேர்த்துப் பின்னலாம்.

முதல் நிறத்தில் 28 கண்ணிகள் ஏற்றுக. எல்லா வரிசைகளையும் நேர்ப் பின்னலாகவே பின்னுக. பக்கத்து வீட்டார் ‘ஸீதா’ என்பது இதனையே. ‘உல்டா’ இதில் வேண்டா. 8 வரிசைகள் முடிந்ததும் இரண்டாம் நிறத்திற்கு மாறுக. வரிசைகள் இரட்டைப்படையாயிருந்தால் நிறம் எப்போதும் ஒரே ஓரத்தில் மாறும். ஓய்ந்திருக்கும் நூலை அறுக்காமல், இரண்டு வரிசைக்கு ஒருமுறை அவ்வோரத்தில் பின்னும் நூலுடன் முறுக்கி மேலே கொண்டு செல்க. இவ்வாறு 22 பட்டைகள் பின்னினால் ஏறக்குறைய 24 அங்குல நீளம் வரும். குழந்தையின் தலையைச் சுற்றி அளந்து பார்த்து, வேண்டுமாயின் இரண்டிரண்டு பட்டைகளாகக் கூட்டுக அல்லது குறைக்க. பின்னர்க் கண்ணிகளைத் தளர்வாக முடித்து, இரு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிட்டால் வளையம் ஆயிற்று.

ஓர் எச்சரிக்கை. ஒவ்வொரு பட்டையின் முடிவிலும் கண்ணிகளை எண்ணுக. நம் முதற் குளிர்காலத்தில், ஹிந்தியில் ஒரு சொல்லும் அறியாதிருந்த நாட்களில், மொட்டைமாடி வெயிலில் அமர்ந்திருந்த பஞ்சாபி மூதாட்டியார் ஒருவர் நம் கையில் ஊசிகளைத் தந்தார். அனைவரும் அவரைப் ‘பீஜி’ என்றே அழைப்பர். ஓரத்தில் நூல் ஊசியின்மேல் ஏறிக்கொண்டு ஒரு கண்ணி இரண்டாவதை நாம் கவனியாமற்போக, 28 கண்ணிகள் 35 ஆகிவிட்டன. பீஜி சிரிக்கவில்லை. முழுவதையும் பிரித்து, நூலை உருண்டையாகச் சுற்றி, மீண்டும் நம் மடியில் வைத்தார். பத்து நாள் உழைப்புப் போயிற்றே என்று கண் கலங்கியது. மறுநாள் மாடிக்குச் செல்ல மனமில்லை. அவரோ வாசலுக்கே வந்து, கையைப் பிடித்து அழைத்துச் சென்றார்.

அன்று அவர் வராதிருந்தால், அவ்வீதியில் ஒருவரையும் அறியாமலே அக்குளிர்காலத்தைக் கதவடைத்துக் கழித்திருப்போம். ஆதலின், புதிதாக வந்த சகோதரிகளே, அறைக்குள் தனித்திருந்து பின்னாதீர்கள். ஊசியும் நூலுமாக வெயிலுக்கு வாருங்கள். முன்னரே வந்தவர்கள், வராதவர் வீட்டு வாசலுக்குச் சென்று ஒருமுறை அழையுங்கள்.