'நீ என்ன ஆளு?': விசில் ஊதியவரிடம் நாம் கேட்ட கேள்வி



கடந்த ஏப்ரலில் அண்ணல் அம்பேத்கர் பிறந்தநாளையொட்டி நாங்கள் நடத்திய செவன்ஸ் கால்பந்துப் போட்டியைப் பற்றி இதுவரை எங்கும் எழுதவில்லை. கோப்பையோடு எடுத்த படங்களை மட்டும் பகிர்ந்தோம். எழுதாததற்கு ஒரே காரணம் வெட்கம்.

அரையிறுதி முடிய நான்கு நிமிடம் இருந்தது. நடுவர் எங்கள் பகுதி அணிக்கு எதிராக பெனால்டி கொடுத்தார். அது சரியா தவறா என்று இன்றுவரை எங்களுக்குள் சண்டை உண்டு. ஆனால் அடுத்து நடந்ததில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஏழு பேரும் அவரைச் சூழ்ந்தார்கள். வெளியே இருந்த இருபது பேர் கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினார்கள். ஒருவன் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினான். அம்மா, அக்கா பெயரில் வசவு வந்தது. அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது: "நீ என்ன ஆளுடா?"

அண்ணலின் படம் வைத்த மேடையிலிருந்து முப்பது அடி தூரத்தில், நீலக்கொடி கட்டிய மைதானத்தில், நம் பையன் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்தது. வாடகை வீடு கேட்டுப் போகும்போதும், கல்லூரி விடுதியில் முதல் நாளும் நம்மை நோக்கி வந்த அதே கேள்வி.

அவர் பதில் சொல்லவில்லை. மீதி ஆட்டத்தை ஊதி முடித்துவிட்டு, பேசிய 600 ரூபாயைக் கூட வாங்காமல் கிளம்பிவிட்டார். வார நாட்களில் அவர் பெயிண்டிங் வேலைக்குப் போகிறவர். அன்று வேலைக்குப் போயிருந்தால் இதைவிட அதிகம் சம்பாதித்திருப்பார். அவர் என்ன ஆளு என்று பிறகு பலர் எங்களிடம் கேட்டார்கள். இங்கே எழுத மாட்டோம். எழுதினால் அந்தக் கேள்வியை நாமும் ஏற்றுக்கொண்டதாகிவிடும்.

"ஆட்டச் சூட்டில் இதெல்லாம் சகஜம்" என்று சொல்கிற தோழர்களுக்கு ஒரு செய்தி. நெதர்லாந்தின் அல்மேரே நகரத்தில், 2012 டிசம்பர் 2 அன்று ஒரு சிறுவர் ஆட்டம் நடந்தது. தன் மகன் ஆடிய அணிக்காக, ரிச்சர்ட் நியூவென்ஹவுசன் என்ற 41 வயதுக்காரர் சம்பளம் இல்லாமல் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தார். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரை அடித்து உதைத்தார்கள். மறுநாள் மருத்துவமனையில் இறந்துபோனார். பதின்வயதினர் ஆறு பேரும், அவர்களில் ஒருவனின் தந்தையும் 2013இல் தண்டிக்கப்பட்டார்கள். தந்தைக்கு ஆறு ஆண்டு சிறை. அதே 2013இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ரிக்கார்டோ போர்டியோ என்ற நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். 17 வயதுப் பையன் முகத்தில் ஒரு குத்து விட்டான். ஒரு வாரம் கோமாவில் கிடந்து இறந்தார். அந்தக் குத்தும் ஆட்டச் சூட்டில் விழுந்ததுதான்.

அல்மேரேயில் நாம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. அடித்த பையன்களில் பலர் மொராக்கோ வம்சாவளியினர். உடனே அந்நாட்டு வலதுசாரித் தலைவர் கீர்ட் வில்டர்ஸ், இது கால்பந்துப் பிரச்சினை அல்ல, மொராக்கோக்காரர்கள் பிரச்சினை என்று கிளம்பினார். செய்தவர்கள் சிலர், பழி ஒரு சமூகத்தின் மேல். இந்தக் கணக்கு நமக்குப் புதிதா? ஆதிக்கச் சாதிப் பையன் நடுவரை அடித்தால் 'இளரத்தம்' என்பார்கள். நம் பையன் அடித்தால் 'காலனிப் பசங்களே இப்படித்தான்' என்பார்கள். இந்தப் பழியை நாம் ஒருநாளும் ஏற்க மாட்டோம். ஆனால் பழிக்குப் பயந்து நடுவரை மதியுங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. அங்கே ஒரு மனிதர் அவமானப்பட்டார். காரணம் அது ஒன்றே போதும்.

சில தோழர்கள் வேறொரு வாதம் வைக்கிறார்கள். "நடுவர் என்றால் அதிகாரம். அதிகாரத்தை எதிர்ப்பதுதானே நம் அரசியல்?" கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பொய். அவரிடம் போலீஸ் இல்லை, பணம் இல்லை, பின்னால் ஊர் இல்லை. ஒரு விசில், இரண்டு அட்டை, வீட்டுக்குப் போக ஒரு பழைய பைக். அந்த மைதானத்தில் கூட்டம் யாரிடம் இருந்தது? நம்மிடம். ஊரே திரண்டு ஒற்றை ஆளைச் சூழ்ந்து நிற்கும் காட்சியை நாம் எத்தனை வழக்குகளில் படித்திருக்கிறோம், எத்தனை உண்மை அறியும் குழுக்களில் போய்ப் பார்த்திருக்கிறோம்! அந்தக் காட்சியில் நாம் எப்போதும் நடுவில் நின்றவர்கள். அன்று வட்டத்தில் நின்றோம்.

நடுவர்களில் சாதி பார்ப்பவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். ஒரே மாதிரி ஃபவுலுக்கு ஒரு அணிக்கு எச்சரிக்கையும் இன்னொரு அணிக்கு சிகப்பு அட்டையும் காட்டுகிறவர்களை நாங்களும் பார்த்திருக்கிறோம். அதற்குப் புகார் எழுதுங்கள், வீடியோ எடுங்கள், கமிட்டியைக் கூட்டி அவரை மாற்றச் சொல்லுங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அண்ணல் எச்சரித்தது இதைத்தான்: சட்டபூர்வ வழி திறந்திருக்கும்போது அதை விட்டு வேறு வழியில் இறங்குவது அராஜகத்தில்தான் முடியும். ஒவ்வொரு மேடையிலும் அந்த உரையைப் பேசுகிற நாம், ஒரு பெனால்டிக்கு அதை மறந்துவிட்டோம்.

2021இல் ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியா தோற்றதும் வந்தனா கட்டாரியாவின் வீட்டு வாசலில் சாதி சொல்லி இழிவுபடுத்தியபோது நாம் கொதித்தோம். ஆடுகிறவருக்கு உள்ள மானம் ஊதுகிறவருக்கு இல்லையா?

நடுவர்கள் ஏற்கனவே பேச ஆரம்பித்துவிட்டார்கள். 2019 அக்டோபரில் பெர்லின் நகர அமெச்சூர் நடுவர்கள் அடி தாங்காமல் வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த வார இறுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் நடக்கவில்லை. விசில் இல்லாவிட்டால் ஆட்டம் இல்லை. இதை நாம் அவர்கள் சொல்லிக் கற்கக் கூடாது, நாமே செய்ய வேண்டும். வரும் ஆண்டு முதல் எங்கள் போட்டியில் இவை விதிகள்:

ஒன்று, நடுவரிடம் கேப்டன் மட்டுமே பேசலாம். மற்றவர் வாக்குவாதம் செய்தால் பத்து நிமிடம் வெளியே. வாக்குவாதத்துக்குப் பத்து நிமிடம் வெளியே அனுப்புவது இங்கிலாந்தின் அமெச்சூர் ஆட்டங்களில் 2019 முதல் இருக்கும் முறைதான்.

இரண்டு, நடுவரைத் தொட்டால் அந்த அணி போட்டியிலிருந்து நீக்கம். எங்கள் பகுதி அணி என்றாலும் அப்படித்தான்.

மூன்று, நடுவருக்கான கூலி ஆட்டத்துக்கு முன்பே கையில். பேருந்து நிறுத்தம் வரையோ பைக் வரையோ கமிட்டி ஆள் ஒருவர் கூடப் போவார்.

நான்கு, சாதியைச் சொல்லி யாரைத் திட்டினாலும், சாதியைக் கேட்டாலும் ஆட்டம் நிற்கும். பொது இடத்தில் பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ அச்சமூகங்களைச் சேராத ஒருவர் சாதிப் பெயர் சொல்லித் திட்டினால், அது வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இன் பிரிவு 3(1)(எஸ்) படி குற்றம். மைதானமும் பொது இடம்தான். அங்கே நாங்களே புகார்தாரருக்குத் துணை நிற்போம்.

ஐந்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், நடுவர் பயிற்சிக்குப் போக வேண்டும். செலவு எங்களுடையது. ஒருமுறை நடுவில் நின்று விசில் ஊதிப் பாருங்கள். இருபது பேர் ஓடி வருவது எப்படித் தெரியும் என்று அப்போது புரியும்.

போன வாரம் அந்த நடுவரின் வீட்டுக்குப் போனோம். அந்தக் கேள்வியைக் கேட்ட பையனும் வந்தான். 600 ரூபாயைக் கொடுத்து மன்னிப்புக் கேட்டோம். பணத்தை வாங்கிக்கொண்டார். அடுத்த வருஷம் வருவீர்களா என்று கேட்டதற்கு, "பார்க்கலாம்பா" என்றார்.

அந்தப் 'பார்க்கலாம்' சரி என்று மாறுவது அவர் கையில் இல்லை. நம் கையில்தான் இருக்கிறது.

ஜெய்பீம்!