சிவப்புக் கம்பளமும் பின்பக்கக் கேட்டும்

ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, "எனக்கு லேத்தும் டிராயிங்கும்தான் தெரியும், எழுத்தெல்லாம் வராது" என்று நழுவப் பார்த்தேன். "சினிமாவைப் பத்தியாவது எழுதுடா" என்றார். சினிமாவைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் யாருக்கு வாய் சும்மா இருக்கும்? துணிந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எம். மணிகண்டன் இயக்கிய 'காக்கா முட்டை' 2015 ஜூன் மாதம் திரைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2014-ல் டொராண்டோ திரைப்பட விழாவில் காட்டினார்கள். சிறந்த குழந்தைகள் படம் என்று தேசிய விருதும் வாங்கியது. நடித்த இரண்டு சிறுவர்களுக்கும் விருது கிடைத்தது. அப்போது நான் மூன்றாம் வகுப்பு. தியேட்டருக்குப் போக வழியில்லை. போன தீபாவளி லீவில்தான் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டு டி.வி.யில் குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்தோம்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். சென்னைக் குப்பத்தில் இரண்டு பையன்கள். அப்பா ஜெயிலில். அவரை வெளியே எடுக்க அம்மா நாயாய் அலைகிறாள். பையன்கள் பள்ளிக்கூடம் போகாமல் தண்டவாளத்தில் சிந்திய கரியைப் பொறுக்கி விற்கிறார்கள். அவர்கள் காக்கா முட்டை எடுத்துக் குடித்த மரத்தை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் ஒரு பீட்சா கடை வருகிறது. ஒரு பீட்சா 299 ரூபாய். சிறுகச் சிறுகச் சேர்த்துக்கொண்டு போனால் வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. சட்டைதான் காரணம் போலிருக்கிறது என்று புதுச்சட்டை போட்டுக்கொண்டு மறுபடி போனால், கடை சூப்பர்வைசர் பெரியவனைக் கன்னத்தில் அறைகிறார். அது செல்போனில் பதிவாகி, டி.வி. வரைக்கும் போய், ஊரே பேசுகிறது. கடைசியில் கடை முதலாளி சிவப்புக் கம்பளம் விரித்து, அதே பையன்களை உள்ளே கூட்டிக்கொண்டு போய்ப் பீட்சா கொடுக்கிறார். நாம் கை தட்டுகிறோம்.

இதே மாதிரி 2008-ல் வந்த இங்கிலீஷ் படம் 'ஸ்லம்டாக் மில்லியனர்'. டேனி பாயில் இயக்கியது. எட்டு ஆஸ்கர் விருது வாங்கியது. அதில் இரண்டு நம்ம ஏ.ஆர். ரகுமானுக்கு. மும்பைக் குடிசைப் பையன், போலீஸிடம் அடி, உதை, கரண்ட் ஷாக் எல்லாம் பட்டு, டி.வி. போட்டியில் 2 கோடி ரூபாய் ஜெயிக்கிறான். காதலித்த பெண்ணும் கிடைக்கிறாள். ரயில்வே ஸ்டேஷனில் டான்ஸ். சுபம்! ஆனால் அந்தப் படத்தில் நடித்த ஒரு குடிசைப் பையனின் வீட்டை, ஆஸ்கர் விழா முடிந்த மூன்றாம் மாதம், 2009 மே மாதத்தில் மும்பை மாநகராட்சி இடித்துத் தள்ளியது. இது சினிமா அல்ல, நடந்த சேதி.

இனி எங்கள் வீட்டுக்கு வருகிறேன். சிவப்புக் கம்பளம் வந்ததும் அம்மாவும் தங்கச்சியும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அப்பா மட்டும் எழுந்து திண்ணைக்குப் போய்விட்டார். விளம்பரம் போட்டபோது போய், "என்னப்பா?" என்றேன். "அந்த வாட்ச்மேன் கதி என்னடா ஆச்சு? முதலாளி கம்பளம் விரிச்சிட்டாரு, நல்ல பேரு வாங்கிட்டாரு. வெரட்டச் சொன்னது யாரு? அவனாவா வெரட்டுனான்?" என்றார்.

என் அப்பா வாட்ச்மேன். ஊர் தில்லைநகரில் ஒரு பெரிய கடை. காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு வரைக்கும் நின்றுகொண்டே டியூட்டி. பேர் மட்டும் இப்போது செக்யூரிட்டி என்று மாறியிருக்கிறது. நான் எட்டாவது படிக்கும்போது ஒரு சனிக்கிழமை அவருக்குச் சாப்பாட்டுத் தூக்கு எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நடந்தே போனேன். முன்வாசலில் என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. "பின்பக்கக் கேட்டுக்கு வாடா, இங்க நிக்காத" என்று யாரோ ஒருத்தனைச் சொல்வது மாதிரி சொன்னார். என் காலில் செருப்பு இல்லை. அன்றைக்கு எனக்கு அப்பா மேல் கோபம். படத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. ஏழையைத் தடுக்க ஏழையைத்தான் கேட்டில் நிறுத்துகிறார்கள். தடுக்கவில்லை என்றால் அவருக்கு மறுநாள் வேலை இல்லை.

அதனால்தான் கேட்கிறேன். அந்தக் கம்பளம் விரித்தது எதனால்? முதலாளி மனசு மாறியா? இல்லை. வியாபாரம் கெட்டுவிடும், வம்பு வரும் என்ற பயம். சரி, மறுநாள் குப்பத்திலிருந்து மூன்றாவதாக ஒரு பையன் 299 ரூபாயோடு வந்தால் உள்ளே விடுவார்களா? படம் அதைச் சொல்லவில்லை. இங்கிலீஷ் படத்திலும் அவன் ஜெயிக்கும்போது ஏழை ஜனங்கள் எல்லாம் டி.வி. முன்னால் நின்று ஆரவாரம் செய்கிறார்கள். ஆரவாரம் செய்தவர்களுக்கு என்ன கிடைத்தது? ஒருத்தனுக்கு அதிர்ஷ்டம், மற்றவர்களுக்குக் கைதட்டும் வேலை!

'காக்கா முட்டை'யை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆசைப்பட்ட பீட்சாவைத் தின்றுவிட்டு, செத்துப்போன ஆயா சுட்டுக் கொடுத்த தோசையே நல்லா இருந்தது என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்களே, அந்த ஒரு இடத்தில் டைரக்டர் நம்மைவிட ஒரு படி மேலே நிற்கிறார். கம்பளம் விரித்தவர்கள் கொடுப்பதெல்லாம் பெரிசு இல்லை என்று சொல்லிவிட்டார்.

"அப்போ படம் அழுகையில முடியணுமா?" என்று கேட்பீர்கள். இதை அம்மாவிடமே கேட்டேன். அம்மா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். "நாள் பூரா பாக்குறது அதைத்தானடா. சினிமாவுலயும் அழுதுக்கிட்டே எந்திரிச்சு வரணுமா? கடைசியிலயாவது சிரிக்க விடுங்கடா" என்றாள். நியாயம்தானே! சந்தோஷமான முடிவு கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அந்தச் சந்தோஷத்தை யார் கொடுக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி. பெரிய மனுஷன் இரக்கப்பட்டுக் கொடுத்தால் அது இரண்டு பேருக்கு. சட்டமும் திட்டமும் கொடுத்தால் அது எல்லோருக்கும்.

ஸ்ரீரங்கத்துக்காரனுக்கு வாசல் என்றதும் சொர்க்கவாசல் ஞாபகம் வராமல் போகாது. மார்கழியில் வைகுண்ட ஏகாதசி அன்று பரமபத வாசல் வழியாகப் பணக்காரன், ஏழை, எந்த ஜாதி என்று பார்க்காமல் ஜனம் போகிறது. ஆனால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் கோயில்களில் எல்லோரும் நுழைய முடியாது. 1939 ஜூலை 8-ல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட மக்களை அழைத்துக்கொண்டு போனார். 1947-ல் சென்னை மாகாணத்துக்கே ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது. போராடினார்கள், சட்டம் வந்தது, கதவு திறந்தது. மறுநாள் வந்த மூன்றாவது ஆளுக்கும் திறந்தது!

இன்னொன்று. எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தை 1982 ஜூலை 1-ல் தொடங்கி வைத்தது எங்கே தெரியுமா? நம் திருச்சிப் பக்கத்துப் பாப்பாக்குறிச்சியில். காமராஜர் காலத்து மதிய உணவைப் பெரிதாக்கிக் கொண்டு வந்த திட்டம் அது. அப்பா அப்போது சின்னப் பையன். "அந்தச் சோத்துக்காகவே அஞ்சாவது வரைக்கும் போனேன்" என்று இப்போதும் சொல்வார். நானும் பத்தாவது வரை அந்தத் தட்டில்தான் சாப்பிட்டேன். கம்பளம் இல்லை, கேமரா இல்லை. மத்தியானம் மணி அடித்தால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். இப்படி ஒரு காட்சியைக் கடைசிக் காட்சியாக வைத்து யாராவது படம் எடுக்க மாட்டார்களா?

எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டியவன் நான்தான். "வாட்ச்மேன் பையன் இஞ்சினியர் ஆகப்போறான், சினிமா மாதிரி இருக்கு" என்று தெருவில் சொல்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சினிமா இல்லை. சத்துணவு, இலவசப் புத்தகம், பஸ் பாஸ், அப்பாவின் வீங்கிய கால், அம்மாவின் தேய்ந்த விரல் எல்லாம் சேர்ந்த கணக்கு. இதில் அதிர்ஷ்டம் எங்கே இருக்கிறது?

கடைசியாக ஒன்று. டிப்ளமோ முடித்தால் நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சூப்பர்வைசர் வேலை. படத்தில் அந்தப் பையனை அறைந்ததும் ஒரு சூப்பர்வைசர்தான்! அவரும் எங்கோ ஒரு வீட்டில் முதன்முதலாகப் படித்தவராக இருக்கலாம். நாளைக்குத் துவாக்குடியிலோ சென்னையிலோ நாம் ஒரு நாற்காலியில் உட்காருவோம். அப்போது கேட்டில் என் அப்பா மாதிரி ஒருவர் நின்றுகொண்டு, "சார், செருப்பில்லாம ஒரு பையன் வந்திருக்கான், என்ன செய்ய?" என்று நம்மைக் கேட்பார்.

"முன்வாசல் வழியா வரச் சொல்லுங்கண்ணே" என்று சொல்வோமா? சிந்திப்போம், நண்பர்களே!

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு