நீச்சல் உடைக்குத் துணி வாங்கப் போறீங்களா?

போன கோடை லீவில் எதிர் வீட்டுப் பெண், "ஏனுங்க்கா, பாப்பாவை நீச்சல் வகுப்பில் சேர்த்திருக்கேன். கை, கால் மூடுற மாதிரி உடை தைச்சுத் தாங்களேன்" என்றாள். ஒன்று தைத்தேன். பார்த்தவர்கள் கேட்டுக் கேட்டு, பதினாலு ஆர்டர் ஆகிவிட்டது!

திருப்பூருக்குப் போய், "பழைய பாட்டிலில் செஞ்ச துணிங்க, தண்ணிக்குன்னே செஞ்சது" என்று கடைக்காரர் சொன்னதை நம்பி ஆறு கிலோ வாங்கினேன். மூன்றே வாரத்தில் முட்டி தொளதொளத்து, ஈரத்தில் உள்ளே தெரிய ஆரம்பித்தது. ஒரு தாய், குழந்தைக்குத் துண்டைப் போர்த்திக் கூட்டி வந்து வாசலில் நின்றபோது, வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. பதினாலு பேருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். சீட்டு எடுத்த பணம் அதில் போயிற்று.

பட்ட பிறகுதான் விசாரித்தேன். மிச்சத் துணி வேறு, மறுசுழற்சித் துணி வேறு. கம்பெனியில் மீந்த புதுத் துணி மிச்சத் துணி. அதை வாங்குவதும் நல்லதுதான், ஆனால் அதன் பெயரையே சொல்லி விற்க வேண்டும். கரூரில் பிளாஸ்டிக் பாட்டில்களை நொறுக்கி, உருக்கி, இழையாக்கித் துணி செய்கிறார்கள். 2023 பிப்ரவரியில் பிரதமர் மோடி பார்லிமெண்டுக்குப் போட்டு வந்த நீலக் கோட்டு அந்த வகைதான். அப்படிச் சொல்லி விற்றால், ஜி.ஆர்.எஸ். சான்றிதழ் நகலைக் காட்டச் சொல்லுங்கள்.

பனியன் கட்டிங் வேஸ்டைப் பிரித்துப் பஞ்சாக்கி நூற்ற துணியும் நம் பக்கம் கிடைக்கும். ஆனால் பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும், நீச்சலுக்கு ஆகாது. பாலியெஸ்டரோ நைலானோ, லைக்ரா கலந்து இருக்க வேண்டும். நீச்சல் குளத்துக் குளோரின் லைக்ராவை அரிக்கும் என்பதால் சோதிக்காமல் வாங்கவே கூடாது.

முதலில் கால் மீட்டர் சாம்பிள் மட்டும் வாங்குங்கள். நீளத்திலும் அகலத்திலும் இழுத்து விடுங்கள். பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். நனைத்து, இழுத்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். விரல் தெரிந்தால் வேண்டாம். ஈர வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் ஒட்டக் கூடாது. கடைசியாக, குளத்துத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, தினமும் மாற்றி ஒரு வாரம் ஊறவிட்டு, திரும்ப இழுத்துப் பாருங்கள்.

கணக்கும் தெரிந்திருக்கட்டும். 200 ஜி.எஸ்.எம். துணி ஒன்றரை மீட்டர் அகலத்தில் இருந்தால், கிலோவுக்கு மூன்றே கால் மீட்டர் சொச்சம் வரும். ஒரே கலர் அடுத்த தடவை கிடைக்காது. ஆர்டருக்கு வேண்டியதை ஒரே ரோலில் எடுத்துவிடுங்கள். பருத்தி நூல் வேண்டாம், பாலியெஸ்டர் நூலில் ஜிக்ஜாக் தையல் போடுங்கள். குளித்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்தச் சொல்லிக் கொடுங்கள்.

இப்போது ஒரு வாரம் ஊறாத துணியில் நான் கத்திரி வைப்பதில்லை. அந்தத் தாயே திரும்ப வந்து, இளையவளுக்கும் அளவு கொடுத்திருக்கிறாள். நீங்களும் தைச்சுப் பாருங்களேன்!